எங்கள் சவன்னா தொடரில் வரும் சிடுமூஞ்சி ஆர்ட்வார்க் தாத்தா: அவரைச் சிரிக்க வைக்கச் சொல்கிறார்கள், செய்யலாமா?

கோட்டோவியன்

எல்லோருக்கும் வணக்கம். வடபழனியில் ஒரு சின்ன இடத்தில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் சில பேர் குழந்தைகளுக்கான அனிமேஷன் தொடர் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறோம். 2டி தான். கதை நடப்பது ஆப்பிரிக்க சவன்னாவில், அதாவது அங்கே உள்ள பரந்த புல்வெளியில், எல்லோரும் பேசுவது தமிழ். ஒரு சிங்கக்குட்டி, ஓயாமல் பேசும் மீர்கட் அண்ணன் தங்கை (கீரி இனத்துச் சின்னப் பிராணி), வார்ட்ஹாக் அத்தை (வாயிலிருந்து தந்தம் வளைந்து நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த ஆப்பிரிக்கக் காட்டுப்பன்றி), ஊர்க்கதை எல்லாம் தூக்கிக்கொண்டு வரும் ஓர் இருவாச்சி. இவர்களுக்கு நடுவில் தோண்டித் தாத்தா என்று ஒரு கிழ ஆர்ட்வார்க் (நீள மூஞ்சியோடு, மண்ணைத் தோண்டி எறும்பும் கரையானும் தின்னுமே, அந்த ஆப்பிரிக்க விலங்கு).

தாத்தா எப்போதும் சிடுசிடுவென்றுதான் இருப்பார். வளைக்குள்ளிருந்து மூக்கு மட்டும் வெளியே வரும், "போங்கடா அந்தப் பக்கம்" என்று ஒரு சத்தம் வரும், மூக்கு உள்ளே போய்விடும். எங்கள் குழுவில் எல்லோருக்கும் அவரைத்தான் பிடித்திருக்கிறது.

பணம் போடுகிற தரப்பிலிருந்து போன வாரம் குறிப்பு வந்தது. தாத்தா கடுமையாக இருக்கிறார், ஒவ்வொரு எபிசோடின் முடிவிலும் அவர் மனம் மாறி, சிரித்து, குட்டிகளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு மனசே ஒப்பவில்லை. ஆனால் ஏன் ஒப்பவில்லை என்று கேட்டால் அவர்கள் ஏற்கும்படி சொல்லவும் தெரியவில்லை. விலங்குகளைப் பற்றித் தெரிந்தவர்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பவர்கள், குரல் கொடுக்கிறவர்கள் எல்லோரும் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

அடையாறு ஆந்தை

கோட்டோவியன் தம்பி, முதலில் ஒன்று கேட்கிறேன். உங்கள் தொடர் பகலில்தானே நடக்கிறது? சிங்கக்குட்டி விளையாடுவது, மீர்கட் ஓடுவது எல்லாம் வெயிலில்தான் இருக்கும். அப்படியானால் தாத்தா சிடுசிடுக்க வேறு காரணமே வேண்டாம். ஆர்ட்வார்க் முழுக்க முழுக்க இரவில் நடமாடும் விலங்கு. பொழுது சாய்ந்த பிறகு எழுந்து, ராத்திரி முழுக்க எறும்பும் கரையானும் தேடி அலைந்து, விடிவதற்குள் வளைக்குள் போய்ச் சுருண்டுவிடும். சில வளைகளில் வாசலை மண்ணால் அடைத்து, மூச்சுக்கு மட்டும் ஒரு சின்ன இடைவெளி விட்டுத் தூங்கும்.

அந்த நேரத்தில்தான் உங்கள் மீர்கட் பிள்ளைகள் அவர் கூரையின் மேல் ஓடிப்பிடித்து விளையாடுகிறார்கள். யாருக்குத்தான் கோபம் வராது? மனுஷன் (மனுஷன் என்றே சொல்கிறேன், மன்னிக்கவும்) ராத்திரி முழுக்க உழைத்துவிட்டு வந்து படுத்திருக்கிறார்.

இன்னொன்றும் கவனியுங்கள். ஆர்ட்வார்க் ரொம்பவும் தனிமையான பிராணி. குட்டியோடு இருக்கும் தாயைத் தவிர ஒன்றை ஒன்று தேடிப் போவதே அரிது. கூட்டம் கூடி வாழும் மீர்கட்டுக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுவந்து வைத்தாலே பாதிக் கதை தானாக வந்துவிடும். அவர் கெட்டவரும் இல்லை, மனசு ஒடிந்தவரும் இல்லை. அவருடைய நேரம் வேறு, மற்றவர்களுடைய நேரம் வேறு. இதைக் கடைசி ஒரு நிமிடத்தில் கட்டிப்பிடித்துச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் அதில் சரிசெய்ய ஒன்றுமே இல்லை.

கத்தரிக்கோல்

நான் எடிட்டர். குழந்தைகள் நிகழ்ச்சிகள் நிறைய வெட்டியிருக்கிறேன், அந்த அனுபவத்தில் எதிர்ப்பக்கம் பேசுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பார்க்கப்போவது நாலு வயதிலிருந்து ஏழு வயது வரை உள்ள பிள்ளைகள். ஒரே ஆள் ஒவ்வொரு எபிசோடிலும் வந்து திட்டிவிட்டுப் போனால் மூன்றாவது எபிசோடிலேயே சலித்துவிடும். சிடுமூஞ்சித்தனம் ஒரு குணம், அது கதை ஆகாது. அவர் ஏதாவது வேண்டும் என்று ஆசைப்பட வேண்டும், அதற்குத் தடை வர வேண்டும். "தூங்க விடுங்கள்" என்பது ஓர் எபிசோடுக்குத்தான் தாங்கும். அப்புறம் பெற்றோர் பக்கத்தையும் யோசியுங்கள். பிள்ளை வீட்டுக்கு வந்த சித்தப்பாவைப் பார்த்து "போங்கடா அந்தப் பக்கம்" என்று சொன்னால் அடுத்த நாள் அந்தச் சேனல் அந்த வீட்டில் ஓடாது. குறிப்பு எழுதியவர்கள் சும்மா எழுதவில்லை.

கட்டிப்பிடிக்க வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் கடைசியில் ஏதோ ஒன்று இளக வேண்டும், அது இல்லாமல் பிள்ளைகள் அவரை விரும்ப மாட்டார்கள்.

பெரம்பூர் பாட்டி

//அது இல்லாமல் பிள்ளைகள் அவரை விரும்ப மாட்டார்கள்//

இதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் தம்பி. என் பேரனோடு உட்கார்ந்து கார்ட்டூன் பார்ப்பதுதான் இப்போது என் சாயங்கால வேலை. சுட்டி டிவி 2007ல் வந்தபோது அவனுடைய அம்மாவோடு பார்த்தேன், இப்போது இவனோடு மொபைலில். அன்றும் இன்றும் நான் பார்த்தது ஒன்றுதான். எல்லோரிடமும் இனிக்க இனிக்கப் பேசுகிற பாத்திரத்தைப் பிள்ளைகள் கவனிப்பதே இல்லை. முறைக்கிறவர் வந்தால்தான் நிமிர்ந்து உட்காருவார்கள்.

எங்கள் அடுக்குமாடியில் கீழ் வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார், பந்து அவர் ஜன்னல் பக்கம் போனாலே சத்தம் போடுவார். என் பேரன் சைக்கிளில் செயின் கழன்றால் யாரிடம் கொண்டுபோகிறான் தெரியுமா? அவரிடம்தான். அவரும் திட்டிக்கொண்டேதான் மாட்டிக் கொடுப்பார், கையெல்லாம் கிரீஸ், "இப்படியா ஓட்டுவே" என்று ஒரு பாட்டு, மாட்டி முடித்ததும் "போ போ" என்று ஒரு விரட்டல். அவன் சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு போவான். யார் சத்தம் போடுகிறார், யார் வெறுக்கிறார் என்று பிரித்துப் பார்க்கச் சின்னப் பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். நாம்தான் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

ஆனால் அந்த "போங்கடா" மட்டும் வேண்டாம், "போங்கப்பா" என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் உங்கள் எடிட்டர் தம்பி சொல்வது சரி.

ரெண்டாம் ஷிப்ட்

ஓ.எம்.ஆரில் ஐ.டி. கம்பெனியில் வேலை. பல வருடமாக நைட் ஷிப்ட். ஆந்தை சார் எழுதியதைப் படித்ததும் பதில் போடாமல் இருக்க முடியவில்லை.

பகலில் தூங்குகிறவனுக்கு வரும் எரிச்சல் சத்தத்தால் மட்டும் வருவதில்லை. காலிங் பெல், குக்கர் விசில், மேல் வீட்டில் டிரில்லிங் மெஷின் எல்லாம் எரிச்சல்தான், ஆனால் பழகிவிடும். "இன்னும் தூங்குறியா?" என்று எல்லோரும் கேட்பார்கள் பாருங்கள், அதுதான் தாங்காது. நான் சோம்பேறி என்று ஊர் முடிவு செய்துவிட்டது, நான் வேலை செய்ததை யாருமே பார்க்கவில்லை, ஏனென்றால் அப்போது ஊரே தூங்கிக்கொண்டிருந்தது. உங்கள் தாத்தாவுக்கும் அப்படித்தான் இருக்கும். இருவாச்சி போய் "தாத்தா நாள் முழுக்கக் குறட்டை" என்று எல்லோரிடமும் சொல்லும். அவர் ராத்திரி எவ்வளவு தூரம் நடந்தார், எத்தனை புற்று தோண்டினார் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கோபம் கொஞ்சம் வரட்டும். அது நியாயமான கோபம்.

என் பொண்ணுக்கு ஆறு வயது. அவளுக்காக எழுதுங்கள், அப்பா ஏன் பகலில் சிடுசிடுக்கிறார் என்று அவளுக்குப் புரியட்டும்.

கோட்டோவியன்

ரெண்டாம் ஷிப்ட் அண்ணா, அந்த இருவாச்சி வசனத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், அனுமதி உண்டுதானே?

எடிட்டர் சார் கேட்டதற்கு வருகிறேன். அவர் ஏதாவது ஆசைப்பட வேண்டும், அது சரி. எங்கள் எழுத்தாளர் ஒரு யோசனை சொன்னார். சென்னையில் எல்லோருக்கும் தெரிந்த ஆள், வீட்டு ஓனர். தாத்தா தோண்டிய வளைகளில்தான் பாதி சவன்னாவே குடியிருக்கிறது. அவர் வாடகை கேட்டு அலைகிற ஓனர் மாதிரி இருந்தால் சண்டைக்கும் சிரிப்புக்கும் பஞ்சமே இருக்காது. இதில் விலங்கியல்படி தப்பு ஏதாவது உண்டா?

அடையாறு ஆந்தை

வளைகளில் மற்றவர்கள் குடியிருப்பது உண்மை, அதுவும் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். வார்ட்ஹாக், முள்ளம்பன்றி, பாம்பு, பல்லி, பறவை எல்லாம் ஆர்ட்வார்க் விட்டுப்போன வளைக்குள் இருக்கும். தென்னாப்பிரிக்காவில் நீலத் தகைவிலான் என்ற அருகிவரும் பறவை ஆர்ட்வார்க் தோண்டிய பள்ளத்துக்குள் கூரையில் கூடு கட்டுகிறது. புல்வெளியில் தீ பிடித்தால் சின்னப் பிராணிகள் பல உயிர் பிழைப்பது இந்த வளைகளால்தான். உச்சி வெயிலில் மேலே மண் கொதிக்கும்போது உள்ளே குளுமையாக இருக்கும். அந்த நாட்டில் தானாகத் தோண்ட முடியாத எத்தனையோ உயிர்களுக்கு வீடு கட்டிக் கொடுக்கிறது இந்த ஒரு பிராணி.

ஆனால் ஓனர் என்பது பொருந்தாது. ஆர்ட்வார்க் தன் வளையைப் பிடித்துவைத்துக்கொள்வதே இல்லை. சில நாள் இருக்கும், விட்டுவிட்டு வேறு இடம் போகும், தேவைப்பட்டால் புதிதாகத் தோண்டும், பழைய வளை பக்கத்தில் இருந்தால் அதில் படுத்துக்கொள்ளும். யாரிடமும் எதுவும் கேட்காது, யார் வந்தார்கள் என்று திரும்பியும் பார்க்காது. இந்தக் குணத்தை விட்டுவிட்டு வாடகை வசூலிக்கிற ஆளாக மாற்றினால் அவரிடம் இருக்கிற பெரிய விஷயமே போய்விடும். திட்டிக்கொண்டே ஊருக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுக்கிறார், அதுவும் கொடுக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல். பாட்டியம்மா சொன்ன கீழ் வீட்டுப் பெரியவரும் இவரும் ஒரே சாதி ஆள்.

சிரிப்பு வேண்டும் என்றால் வார்ட்ஹாக்கைப் பாருங்கள். அது வளைக்குள் போவதே தனி அழகு. குட்டிகள் நேராக ஓடி நுழையும். பெரிய பன்றி வாசலில் நின்று, சுற்றும் முற்றும் பார்த்து, அப்படியே பின்பக்கமாக உள்ளே போகும். தந்தம் வாசலைப் பார்த்தபடி இருந்தால்தானே சிறுத்தையோ கழுதைப்புலியோ வந்தால் குத்த முடியும். இப்போது யோசியுங்கள், தாத்தா உள்ளே தூங்குகிறார், அத்தை காலி வளை என்று நினைத்துப் பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து உள்ளே வருகிறார். வசனமே வேண்டாம்.

தொண்டிக்காரன்

இழைக்கு நேரடியாகச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் ஆர்ட்வார்க் படத்தைப் பார்த்தால் எறும்புத்தின்னி என்பார்கள், உடம்பெல்லாம் செதிலாக இருக்கும் அழுங்கைத்தான் அப்படிச் சொல்வது. ஆனால் இரண்டுக்கும் உறவு கிடையாது, அழுங்கு ஒருவகையில் பூனை நாய்க் குடும்பத்துக்குக் கிட்டே வரும். ஆர்ட்வார்க்கின் சொந்தக்காரர்கள் யானையும் கடல்பசுவும். எங்கள் பாக் நீரிணையில் கடல் புல் மேய்கிறதே ஆவுளியா, அதற்கு இது தூரத்து உறவு. 2022ல் தமிழக அரசு அங்கே 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. தாத்தாவுக்கு ஊரில் இல்லாத சொந்தம் கடலில் இருக்கிறது என்று எங்கேயாவது ஒரு வரி வைத்தால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் துள்ளிக் குதிப்பார்கள். தன் விலங்கியல் வரிசையில் இன்று மிஞ்சியிருக்கும் ஒரே இனம் ஆர்ட்வார்க்தான். கூட வந்த மற்ற இனங்கள் எல்லாம் அழிந்து போயின.

குரல்காரி

சாலிகிராமத்தில் டப்பிங் செய்கிறேன். கிழவர் குரல் என்றால் உடனே நடுங்கும் குரல், இருமல், "ஹ்ம்" என்று ஒரு செருமல், இது எல்லோரும் செய்வது. தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். நடுங்குகிற ஆள் ராத்திரி முழுக்கப் பாறை மாதிரி இறுகின புற்றைப் பிளக்க முடியாது. குரலில் பலம் இருக்க வேண்டும், தூக்கக் கலக்கமும் இருக்க வேண்டும். காலையில் முதல் வார்த்தை பேசும்போது தொண்டை இன்னும் திறக்காமல் இருக்குமே, அந்தக் குரல்.

கோட்டோவியன் அனுப்பிய பென்சில் டெஸ்டை (பென்சில் கோட்டிலேயே ஓடவிட்டுப் பார்க்கும் மாதிரி அசைவு) பார்த்தேன். தோண்டும்போது அவர் மூக்குத் துவாரம் மூடிக்கொள்கிறது, காது பின்னால் மடிகிறது. நிஜத்திலேயே அப்படித்தானாம், மண் உள்ளே போகாமல் இருக்க. அப்படியென்றால் தோண்டிக்கொண்டே அவர் பேசும் வசனம் எல்லாம் மூக்கடைப்பில் வர வேண்டும். நான் செய்து பார்த்தேன். மூக்கு அடைத்தால் 'ம' வராது, 'ப' ஆகிவிடும். 'ந' போய் 'த' ஆகும். "நகரு, மண்ணு விழும்" என்பது "தகரு, பட்டு விழுப்" என்று வருகிறது. என் தங்கை பையன் கேட்டுவிட்டு உருண்டு உருண்டு சிரித்தான், திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னான். மூக்கு திறந்தவுடன் சரியான குரல் வந்துவிடும். திட்டு ஒன்றுதான், ஆனால் பிள்ளைகளுக்குப் பயம் வராது.

வாய் அசைவு பற்றி ஒரு வேண்டுகோள். அவர் வாய் நீள மூஞ்சியின் நுனியில் சின்னதாக இருக்கிறது. அகலமாகத் திறந்து பல்லைக் காட்ட வைக்காதீர்கள், அவருக்கு முன்பல்லே கிடையாது என்று ஆந்தை சார் சொன்னார். நுனி மட்டும் அசையட்டும், ப, ம வரும் இடங்களில் உதடு சரியாக மூடினால் போதும், குரலையும் வாயசைவையும் பொருத்துகிற மீதி வேலை எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

கத்தரிக்கோல்

மூக்கடைப்புக் குரல் பிரமாதம். அதை வெட்ட என் கை வராது.

சரி, கோபத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது, சிரிப்பும் கிடைத்துவிட்டது. ஆனால் என் கேள்வி இன்னும் நிற்கிறது. பத்துப் பன்னிரண்டு எபிசோடுகள் அவர் அப்படியே இருந்தால் அவருக்கென்று ஒரு பயணம் எங்கே? பணம் போடுகிறவர்களிடம் "அவர் மாறவே மாட்டார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வர முடியாது.

அடையாறு ஆந்தை

இதைத்தான் ரொம்ப நேரமாக யோசித்துக்கொண்டிருந்தேன், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தென்னாப்பிரிக்காவின் கலஹாரிப் பகுதியில் ட்ஸ்வாலு என்று ஒரு காப்பகம் இருக்கிறது. விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே ஆறு ஆர்ட்வார்க்குகளின் உடலில் வெப்பநிலையும் நடமாட்டமும் பதிவாகும் கருவிகளைப் பொருத்திக் கவனித்துவந்தார்கள். 2012-13 கோடையில் கடும் வறட்சி வந்தது. ஆறில் ஐந்து செத்துப்போயின. ஆய்வு 2017ல் வெளிவந்தது. நான் படித்துவிட்டு இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எப்படி நடந்தது என்று பாருங்கள். மழை இல்லை, அதனால் புல் இல்லை. புல் இல்லை என்றால் அதைத் தின்று வாழும் கரையான்களும் குறைந்துபோகும். அந்தக் கரையானை நம்பியிருக்கும் ஆர்ட்வார்க்குக்கு வயிறு காயும். வயிறு காய்ந்தால் ராத்திரிக் குளிரில் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளத் தெம்பு இருக்காது. சாகும் முன் சிலவற்றின் உடல் வெப்பம் 25 டிகிரி வரை இறங்கியிருக்கிறது. அந்த நிலையில் அவை என்ன செய்தன தெரியுமா? பகலில் வெளியே வந்தன. வெயிலில் உடம்பைக் காய்ச்சிக்கொண்டே இரை தேடிப் பார்த்தன. சுற்றுலா போகிறவர்கள் பகலில் ஆர்ட்வார்க் கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம் என்று போட்டோ எடுப்பார்கள். குளிர்காலத்தில் சாயங்காலமே வெளியே வருவது உண்டு, அது இயல்பு. ஆனால் வறட்சிக் கோடையில் பகலில் அலைந்தால், பார்க்கிறவருக்கு அதிர்ஷ்டம், அதற்குத் துன்பம்.

இப்போது உங்கள் தொடருக்கு வாருங்கள். எல்லா எபிசோடிலும் தாத்தா பகலில் வளைக்குள்ளிருந்து திட்டுகிறார். ஒரு நாள் பட்டப்பகலில் தானாகவே வெளியே வருகிறார். மீர்கட் பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை, "தாத்தா விளையாட வந்துட்டாரு!" அவர் மேல் ஏறிக் குதிக்கிறார்கள். அவர் திட்டவில்லை. அத்தை பின்பக்கமாக வந்து இடிக்கிறார். அவர் திட்டவில்லை. இருவாச்சி "தாத்தா திருந்திட்டாரு" என்று ஊரெல்லாம் சொல்லப் போகிறது. சிங்கக்குட்டி மட்டும் பார்த்துக்கொண்டே நிற்கிறது. "தாத்தா ஏன் நம்மள திட்டலை?" என்று கேட்கிறது.

பணம் போடுகிறவர்கள் கேட்கும் அந்த இளகல், அந்தச் சாந்தம், எல்லாம் அந்த எபிசோடில் இருக்கிறது. ஆனால் அது ஆபத்தின் அடையாளம். அதுவரை ஒவ்வொரு வாரமும் அவர் கடைசியில் சிரித்துக் கட்டிப்பிடித்திருந்தால், இந்த ஒரு நாள் அவர் பேசாமல் நிற்பதை எந்தப் பிள்ளையும் கவனிக்காது. அவர் விடாமல் சிடுசிடுத்திருந்தால்தான் இது நெஞ்சில் இறங்கும்.

ரெண்டாம் ஷிப்ட்

ஆந்தை சார், ஆபீஸில் உட்கார்ந்து படித்தேன். "தாத்தா ஏன் நம்மள திட்டலை" என்ற இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

பெரம்பூர் பாட்டி

நல்ல கதை. ஆனால் தாத்தா சாகக் கூடாது, சொல்லிவிட்டேன். வறட்சியைக் காட்டுங்கள், பசியைக் காட்டுங்கள், பிள்ளைகளுக்கு அதெல்லாம் தெரியட்டும். நம் ஊரிலும் தண்ணீர் இல்லாமல் குடத்தோடு லாரிக்குப் பின்னால் நின்றிருக்கிறோம், 2019 கோடையை இவ்வளவு சீக்கிரம் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் பிள்ளைகள் கையில் ஏதாவது ஒரு வேலை கொடுங்கள். பார்த்து அழுதுகொண்டு மட்டும் நிற்கக் கூடாது. இவ்வளவு நாள் அவர் தோண்டிய வீட்டில் இருந்தவர்கள் அவருக்கு என்ன செய்யப்போகிறார்கள்?

அடையாறு ஆந்தை

அம்மா, அதற்கும் ஒன்று இருக்கிறது. ஆப்பிரிக்காவில் ஒரு வெள்ளரிக்கொடி உண்டு. கொடி தரைமேல் படரும், காய் மட்டும் மண்ணுக்குள் காய்க்கும். ஆர்ட்வார்க் அதைத் தோண்டித் தின்னும், உள்ளே நீர் நிறைய இருக்கும். விதை அதன் எச்சத்தோடு வெளியே வந்து, அதுவே மண்ணைப் போட்டு மூடிவிடும், அங்கிருந்து அடுத்த கொடி முளைக்கும். அந்தச் செடி பரவுவதற்கு ஆர்ட்வார்க்கைத்தான் நம்பியிருக்கிறது. ஊர் வழக்கிலேயே அதற்கு ஆர்ட்வார்க் வெள்ளரி என்றுதான் பெயர்.

தாத்தாவுக்குக் கண் பார்வை மட்டம், மூக்கை நம்பித்தான் எல்லாம். மீர்கட்டுக்கோ பகல் பார்வை கூர்மை, நின்று காவல் பார்க்கிற பிராணி. பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் ஓடிக் காய்ந்துபோன கொடியைக் கண்டுபிடித்துச் சொல்லட்டும், தோண்டுவதை அவர் செய்யட்டும். ஆனால் வெள்ளரி தாகத்துக்குத்தான், அவர் பசிக்கு ஆகாது, அதை மட்டும் பொய்யாகக் காட்டிவிடாதீர்கள். பசி தீர மழை வந்தே ஆக வேண்டும். மழை பெய்து புல் தலைகாட்டினால் கரையான் பெருகும்.

கத்தரிக்கோல்

இது எனக்குச் சம்மதம். பயணம் அவருக்கு இல்லை, அவரைச் சுற்றி இருப்பவர்களுக்கு. முதலில் அவர் திட்டு அவர்களுக்குத் தொல்லை, பிறகு அது இல்லாமல் போனால் பயம், மழைக்கு அப்புறம் வளைக்குள்ளிருந்து "போங்கப்பா அந்தப் பக்கம்" என்று கேட்டதும் எல்லோரும் குதிக்கிறார்கள். கோட்டோவியன், இந்த எபிசோடை முன்னால் வைக்காதீர்கள். எட்டோ ஒன்பதோ ஆகட்டும், அதுவரை திட்டு வீட்டுப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும். குறிப்புக்குப் பதில் எழுதும்போது இந்த ஓர் எபிசோடின் ஸ்டோரிபோர்டையும் (காட்சி காட்சியாக வரைந்த படங்கள்) சேர்த்து அனுப்புங்கள். வார்த்தையில் வாதாடினால் தோற்றுவிடுவீர்கள், படத்தைப் பார்த்தால் அவர்களுக்கே புரியும்.

கோட்டோவியன்

எல்லோருக்கும் நன்றி என்று ஒரு வரியில் சொன்னால் போதாது. நேற்று ராத்திரியே போர்டு போட உட்கார்ந்துவிட்டேன்.

தாத்தா வளையைவிட்டு வெளியே வருவதை முதல் எபிசோடிலேயே ஒரு தரம் முழுசாகக் காட்டப்போகிறேன், இரவில். ஆந்தை சார் எனக்குத் தனியாக எழுதியிருந்தார், ஆர்ட்வார்க் எடுத்த எடுப்பில் வெளியே வராதாம். வாசலில் மூக்கை நீட்டி, காதைத் திருப்பித் திருப்பி, பத்து நிமிடம் வரைகூட அசையாமல் நின்று கேட்கும், சிங்கமோ கழுதைப்புலியோ இல்லை என்று உறுதியான பிறகுதான் காலை எடுத்து வைக்கும். நமக்குப் பத்து நிமிடம் கிடையாது, ஆனால் சில நொடிகளாவது காது மட்டும் அசைய, உடம்பு அப்படியே நிற்கட்டும். அப்புறம் வறட்சி எபிசோடில் அவர் வெளியே வரும்போது அந்த நிற்றலே இருக்காது. நேராக வெயிலுக்குள் நடந்துவிடுவார். வாக் சைக்கிளும், அதாவது அவர் நடக்கும் அசைவும், வேறு. வழக்கமாக மூக்கு தரையோடு, வளைந்து வளைந்து மோப்பம் பிடித்துக்கொண்டே போவார், வால் மண்ணில் கோடு போடும். அன்றைக்கு நேர்க்கோட்டில், மெதுவாக.

வார்ட்ஹாக் அத்தை பின்பக்கமாக நுழையும் காட்சி இரண்டாவது எபிசோடுக்குப் போய்விட்டது, எங்கள் அனிமேட்டர் இப்போதே அதை வரைந்துகொண்டு சிரித்துக்கொண்டிருக்கிறார். வாடகை யோசனையைக் கைவிட்டோம். ஆவுளியா வரி கண்டிப்பாக உண்டு, தொண்டிக்காரன் அண்ணா.

ஒரு சந்தேகம் மட்டும். மழைக்குப் பிறகு அவர் முதலில் யாரைத் திட்ட வேண்டும்?

பெரம்பூர் பாட்டி

சிங்கக்குட்டியை. அதுதானே கேட்டது.

குரல்காரி

பாட்டி சொல்வதுதான் சரி. தோண்டிக்கொண்டே திட்ட வையுங்கள், மூக்கடைப்போடு. அந்த வசனத்தை மட்டும் பைலட் டிராக்கில் (முன்கூட்டிப் பதிவு செய்யும் மாதிரிக் குரல்) இரண்டு விதமாகப் பேசி அனுப்புகிறேன், ஒன்று பழைய வேகத்தில், இன்னொன்று தெம்பு இன்னும் முழுசாகத் திரும்பாத குரலில். வியாழக்கிழமை மாலை எனக்கு ஸ்டுடியோ இருக்கிறது, அதற்குள் சிங்கக்குட்டி எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று மட்டும் சொல்லிவிடுங்கள், சத்தத்தை அதற்கேற்பத்தான் வைக்க முடியும்.

கோட்டோவியன்

கிட்டேதான் அக்கா. மண் அதன் முகத்தில் விழுகிற தூரம்.